இடது பக்கம் கம்மி

ஜூலை 14, ஞாயிறு

இன்று காலை சுலோ ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். நான் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணைத் திறந்து சொன்னாள்: "ஏனுங்க, இடது பக்கம் கம்மியா இருக்குதுங்க."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லி ஆனதும் இதுதான் நடக்கும். மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கறி வாங்கப் போவார்கள். நான் ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்துவேன், ஒயரை மாற்றுவேன், என் பெண்டாட்டி கேட்டுச் சொல்வாள். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் மீட்டரைவிட சுலோவின் காதைத்தான் நம்புவேன். அவள் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுவது யார், ஜலதோஷமா, பொய் சொல்லப் போகிறாரா என்பதுவரை கண்டுபிடித்துவிடுவாள். வயலின்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், மிருதங்கம் அவருக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். எனக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் பிடிபடும்.

சத்தத்தை மீட்டர் வைத்து அளந்தேன். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு. மறுபடி அளந்தேன். ஒரே அளவு.

அப்படியானால் மீட்டருக்குச் சிக்காத ஏதோ குறை. கிருபாகரனுக்குப் போன் போட்டேன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் பிடித்த அதே பைத்தியம் அவருக்கும். ஒரு ப்ரீஆம்ப் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். சி.டி. ப்ளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வைக்கிற இன்னொரு பெட்டி அது. வருகிற சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இடதுக்கு இவ்வளவு, வலதுக்கு இவ்வளவு என்று கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு. என் செட்டில் அந்தப் பெட்டி கிடையாது. நடுவில் சாமான் குறையக் குறையச் சத்தம் சுத்தம் என்று ஊரெல்லாம் உபதேசம் பண்ணினவன் நான்.

"உங்க செட்டுக்கு அது எதுக்குங்க சிகாமணி? நல்லாத்தானே இருக்குது?"

"சுலோ கம்மிங்கறாளுங்க."

"என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்குது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

பிளக் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேஸ்காரர் வந்து பெல்லை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நான் மொட்டைமாடியில் இருந்தேன். சுலோ சமையலறையில்தான் இருந்திருக்கிறாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததாம். அந்த பெல்லையும் மாற்ற வேண்டும். சனியன், சத்தமே வருவதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கிருபாகரன் யோசனைப்படி இடது ஸ்பீக்கரின் ஒயரை வலதுக்கும் வலதின் ஒயரை இடதுக்கும் மாற்றிக் கொடுத்தேன். கோளாறு ப்ளேயரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ இருந்தால் கம்மி இப்போது வலப்பக்கம் போயாக வேண்டும்.

"இப்போ?"

"இடதுதானுங்க."

ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இப்போ?"

கொஞ்சம் தயங்கினாள். "இடது."

ஆக, குற்றவாளி இந்த ஹால்தான். இடப்பக்கம் ஜன்னல், அதில் கனத்த திரை. துணி சத்தத்தைக் குடித்துவிடும். இதற்குப் போய் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கிருபாகரனிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "இன்னொரு சோதனை பாக்கி இருக்குதுங்களே. நாற்காலியத் திருப்பிப் போட்டு, தங்கச்சிய ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காரச் சொல்லுங்க. ஜன்னல் அப்ப அவங்களுக்கு வலப்பக்கம் வந்துரும். ஹால்தான் கோளாறுன்னா வலது கம்மின்னு சொல்லோணும். அப்பவும் இடதுன்னு சொன்னாங்கன்னா..."

"முதுகக் காட்டி எவனாச்சும் பாட்டுக் கேப்பானுங்களா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

திரையைக் கழற்றியாயிற்று. மத்தியான வெயில் நேராக டி.வி. மேல் அடிக்கிறது. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிய சுலோ கடைசிப் படியில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "லேசாத் தல சுத்துச்சுங்க. காலைல சரியாச் சாப்புடல" என்றாள். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் மூன்று தோசை சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்கு ஓசூரிலிருந்து வந்த மகள் மதுமிதா இன்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். சண்டை போட்டது நான் என்று சுலோ சொல்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆரம்பித்தது. மது தன் அம்மாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ரசம் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். சுலோ தன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மது என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அப்புறம் என்னை வாசலுக்குக் கூட்டிப் போனாள். "அப்பா, அம்மா இப்பெல்லாம் போன வலது காதுலதான் வெக்கறாங்க. கவனிச்சீங்களா?"

"கை மாத்திப் புடிச்சா குத்தமா?"

"மில்லுல இருந்த காலத்துலருந்தே இடது காதுதான அவங்களுக்கு? ஒரு காது டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போங்கப்பா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "உங்கம்மா காதப் பத்தி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம் கண்ணு. உனக்குப் பேரு வெக்கறதுக்கு முந்தியே எனக்கு அந்தக் காதத் தெரியும்" என்று கத்தினேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

சுலோ வெளியே வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி. செட்டுலதான் என்னமோ" என்றாள்.

பார், அவளே சொல்லிவிட்டாள். மது முறுக்கு டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். நான் உள்ளே வந்து கிருபாகரனைக் கூப்பிட்டு ப்ரீஆம்பைக் கொண்டுவரச் சொன்னேன். வாங்குவதாக இன்னும் முடிவு செய்யவில்லை. வைத்துப் பார்க்கத்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெட்டி வந்தது. முன்பக்கம் நல்ல கனமான திருகுகள். நடுவில் மாட்டி, பாட்டைப் போட்டு, இடதுக்கு மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சமுங்க."

"இப்போ?"

"ஆங். இப்பச் சரியா இருக்குதுங்க. நடுவுக்கு வந்துருச்சு." கண்ணை மூடியபடி சிரித்தாள். எத்தனை வாரம் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன, என் காதுக்குப் பாட்டு முழுவதும் இடது மூலையில் போய் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும். அவளுக்குச் சரியாக இருந்தால் போதும்.

கிருபாகரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்தார். ஓய்வு பெற்ற ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலையோ.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்னும் கொஞ்சம் இடதுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. புதுச் சாமான் பழகும்வரை அப்படித்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்னும் கொஞ்சம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

திருகு இனித் திரும்பாது. வலது ஸ்பீக்கர் ஊமையாக நிற்கிறது. சுலோவிடம் கேட்டேன். "பரவால்லீங்க" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லைப் பாட்டு விஷயத்தில் நான் கேட்டதே இல்லை.

கிருபாகரன் போன் செய்தார். "என்னங்க, வெச்சுக்கறீங்களா, திருப்பிக் குடுக்கறீங்களா? ஒரு முடிவுக்கு வாங்க." பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னேன். ப்ரீஆம்ப் வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காய் வாங்கக் கிளம்பினவன் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. நான் இல்லாதபோது சுலோ செட்டைத் தொடமாட்டாள்.

நாற்காலி திரும்பிக் கிடந்தது. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ப்ரீஆம்பின் திருகை நடுவுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். வலது காதை உள்ளங்கையால் பொத்துகிறாள், எடுக்கிறாள். மறுபடி பொத்துகிறாள். நான் கேட்டைத் திறந்தது, செருப்பைக் கழற்றியது, உள்ளே வந்து நின்றது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. என் காலடியை வைத்தே சம்பள நாளா இல்லையா என்று சொன்னவள்.

பாட்டு முடிந்தபிறகுதான் திரும்பினாள். பதறவில்லை.

"பை மறந்துட்டேன்" என்றேன்.

"இப்படி உக்காந்தாலும் இடதுதானுங்க."

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எப்பருந்து சுலோ?"

"பொங்கலுக்கு முந்தியே. இடது காதுல போன வெச்சாப் பேச்சு எங்கியோ கெணத்துக்குள்ளருந்து வர்றாப்ல இருந்துச்சு. காதுக்குள்ள ஒரு இரைச்சல் வேற."

"எதுக்குச் செட்டுன்னு சொன்ன?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "செட்டுல கோளாறுன்னா நீங்க சரி பண்ணிருவீங்கல்ல? நீங்களும் செட்டுதான்னு அடிச்சுச் சொன்னீங்க. கேக்கக் கேக்க எனக்கும் அப்படித்தான் இருக்குமோன்னு தோணுச்சு. பயமில்லாம இருந்துச்சுங்க."

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அளவு என்று மீட்டர் முதல் நாளே காட்டியது. பார்த்தவன் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

காது பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தைத் திருப்பி எங்களிடம் காட்டி நிதானமாகச் சொன்னார். இடது காது நரம்பின் மேல் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் பெரிதாகிவிட்டது, மூளையை அழுத்த ஆரம்பித்திருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும்.

"அந்தக் காதுல இப்ப கொஞ்சம் கேக்குதுல்லங்கம்மா? ஆபரேஷனுக்கு அப்பறம் அது இருக்காது. அந்த நரம்பையே சேத்து எடுக்க வேண்டி வரும்."

சுலோ வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உசுருக்கு ஒண்ணுமில்லைல்லங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவளை நர்ஸோடு அனுப்பிவிட்டு நான் தனியாகக் கேட்டேன். "ஜூலைலயே தெரியும் டாக்டர். நாங்கதான் தள்ளிப் போட்டுட்டோம். அப்பவே வந்திருந்தாக் காது தப்பிச்சிருக்குமா?"

"இது வருஷக்கணக்கா வளந்ததுங்கய்யா. ரெண்டு மாசத்துல பெரிய வித்தியாசம் வந்திருக்காது. நீங்க அத மனசுல வெச்சுக்க வேண்டாம்."

நல்ல பெண். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே பிடித்துக்கொண்டு வந்தேன். இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவளுக்கு இரண்டு காதும் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமைகள் அவை. ஒரு பாட்டைக்கூட முழுசாக ஓடவிடவில்லை நான். பாதியில் நிறுத்தி நிறுத்தி, இப்போ, இப்போ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மிச்சத்தையெல்லாம் டெஸ்டிங்கிலேயே தீர்த்துவிட்டேன். டாக்டர் இதற்கு என்ன சொல்வார்?

செப்டம்பர் 15, ஞாயிறு

விஷயம் தெரிந்து சொந்தபந்தமெல்லாம் வந்துவிட்டது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்து கிடக்கின்றன. சுலோவின் அண்ணன் மத்தியானம் முழுக்க அரசியல் பேசினார். ஆளாளுக்கு அவளிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், அவள் ஏதோ அடுத்த ஊரில் இருப்பதுபோல. மது லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 20, வெள்ளி

நாளை வந்து அட்மிட் ஆகச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

சாயங்காலம் ப்ரீஆம்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பழையபடி ப்ளேயரிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபையர். திரையை மாட்டினேன். ஸ்பீக்கர்களை அதனதன் இடத்தில் வைத்தேன். மீட்டரை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். இன்று ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தேன். "நீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்த கச்சேரியைப் போட்டேன். நானும் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பல்லவி முடியவில்லை. "நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க. இதுதான் கடைசின்னு நெனச்சுட்டே கேட்டாப் பாட்டே ஏறமாட்டீங்குது. அழுகதான் வருது."

"சரி, வேண்டாம்."

"அந்த நைட்டி ரெண்டும் மடிச்சு வெச்சிருக்கேன், பைல வெச்சிருங்க. பிளாஸ்குக்கு மூடி எங்கியோ போச்சு, தேடோணும்."

இரண்டு பேரும் பிளாஸ்க் மூடியைத் தேடினோம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்ந்துதான் வெளியே கொண்டுவந்தார்கள். கட்டி முழுவதும் எடுத்தாகிவிட்டதாம். பிழைத்தாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

நன்றாகப் பேசுகிறாள். முகம் இடப்பக்கம் லேசாகக் கோணியிருக்கிறது, சரியாகிவிடும் என்கிறார்கள். நான் கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ரொம்ப நேரமாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்பெல்லாம்கூடக் கேட்டேன். நர்ஸ் ஊசி போட வந்தபோது சுலோ கண்ணைத் திறக்காமலே அவளிடம் கேட்கிறாள்: "எங்க வீட்டுக்காரரு வெளியில போயிட்டாருங்களா?"

நாற்காலியைத் தூக்கி வலப்பக்கம் போட்டுக்கொண்டேன். சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லத் தெம்பில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பலகாரம் எல்லாம் மதுவின் உபயம். முகம் பெரும்பாலும் நேராகிவிட்டது. நடையில் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது.

ஒவ்வொரு வெடிக்கும் சுலோ உதறிக்கொண்டு தப்பான பக்கம் திரும்பினாள். பின்வீட்டில் வெடித்தால் தெருவைப் பார்க்கிறாள். தெருவில் வெடித்தால் சுவரைப் பார்க்கிறாள். "எது எங்கருந்து வருதுன்னே தெரியமாட்டீங்குதுங்க. எல்லாம் ஒரே எடத்துல இருந்து வருது" என்றாள். கொஞ்ச நேரத்தில் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு காது மட்டும் இருந்தால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் திசை சொல்லுமாம். எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே இரண்டு ஸ்பீக்கர் வாங்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ப்ரீஆம்பை எடுத்துப் போகக் கிருபாகரன் வந்தார். எடுக்கும் முன் ஒரு பட்டனைக் காட்டினார். அதை அமுக்கினால் இடது, வலது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பாட்டாக வருமாம். "தங்கச்சிக்கு உதவுமுங்க. ஒரு பக்கம் காணாமப் போகாது. காசெல்லாம் வேண்டாம், வெச்சுக்குங்க" என்றார்.

மாட்டிப் போட்டோம். சுலோ ஒரு பாட்டு முழுவதும் கேட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள். அவருக்காகச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க கேளுங்க, நான் குழம்பப் பாக்கறேன்" என்று எழுந்தாள்.

"வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். நாலு மாத யோசனைக்கு அதுதான் முடிவு. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அவர் காரில் வைத்தேன். செட்டையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறது.

கார் போனபிறகு வாசலில் நின்றபடியே, பழக்கதோஷத்தில், "சுலோ" என்று கூப்பிட்டேன். அவள் ஹாலுக்கு வந்திருந்தாள். நான் நிற்பது அவளுக்கு நேர் பின்னால். அவளோ சமையலறைப் பக்கம் பார்த்து, "இதோ வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டு அங்கே நடக்க ஆரம்பித்தாள். குரல் நிறையச் சிரிப்பு. அங்கே போனால் ஆள் இருக்காது. நின்று சுற்றுமுற்றும் பார்ப்பாள். இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது அவளுக்கு.

செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிய சந்து வழியாக ஓடினேன். இந்த வயதில் ஓட்டம். பின்கதவைத் திறந்து உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவும் அவள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"எதுக்குங்க கூப்புட்டீங்க?"

"காபி கேக்கலாம்னு."

பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். பற்றவைத்தாள். அப்புறம் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குங்க இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"வயசாச்சுல்ல" என்றேன்.